உன் மகள் அழாமல் போன காலை

தம்பி,

நேற்றுக் காலை உன் மகள் அழாமல் பள்ளிக்கூடம் போனாள். இன்றைக்கும் அழவில்லை. அதைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் இதை எழுதச் சொல்கிறேன். சுமதி எழுதுகிறாள். நான் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். "எழுதுறேன் மாமா, ஆனா மெதுவாச் சொல்லுங்க, ஒங்க வேகத்துக்கு என் கை ஓடாது" என்கிறாள் உன் பெண்டாட்டி. போனிலேயே சொல்லலாம்தான். போனில் என்றால் நீ "சரிப்பா, சரிப்பா, கடையில ஆள் நிக்கிது" என்று வைத்துவிடுவாய். உன்னைக் குறை சொல்லவில்லை. கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறவனுக்கு ஒரு கிழவன் பேச்சை ஆற அமரக் கேட்க நேரம் ஏது? இதை நீ சாப்பாட்டு நேரத்தில் பாதி படி, படுக்கப் போகும் முன் மீதியைப் படி. ஆனால் முழுசாகப் படி. பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்து, மறுநாளே டவுன் ஸ்கூலுக்குப் போய், தர்ஷியின் விடுகைப் பத்திரத்தை வாங்கி, அவளைத் திரும்பவும் தோட்டத்து ஸ்கூலிலேயே சேர்க்கப் போவதாக ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். போயாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை.

எனக்கு எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரிந்தவர்கள் ஒன்றைக் குறித்து வைத்துவிட்டு மறந்துவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை. இந்தத் தோட்டத்தில் எந்த மலைத் தேயிலையை எந்த வருஷம் கவ்வாத்து வெட்டினோம், அன்று யார் யார் கத்தியோடு என் பக்கத்தில் நின்றார்கள், யார் கையை வெட்டிக்கொண்டார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். நீ முதல் நாள் டவுன் பள்ளிக்கூடம் போனபோது உன் சட்டையின் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். உன் அம்மா அதைக் கழுத்துப் பட்டிக்குக் கீழே மறைக்கப் பார்த்தாள், எட்டவில்லை. அதுகூட எனக்கு மறக்கவில்லை. இவ்வளவையும் ஞாபகம் வைத்திருந்த நான், முக்கியமான ஒன்றைப் பார்க்காமலே முப்பது வருஷம் இருந்துவிட்டேன். அதைக் கடைசியில் எனக்குக் காட்டியது பதினொரு வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பற்றி முதலில் சொல்கிறேன். நீ வாங்கிக்கொடுத்த போனில் அவள் முகத்தைப் பார்க்கிறாய், அவளை நீ இன்னும் பார்க்கவில்லை.

போன டிசம்பரில், ஆறாம் ஆண்டுக்கு டவுனில் இடம் கிடைத்த கடிதம் வந்ததும், நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையில் பீலியில் முகம் கழுவும்போது அவளைப் பிடித்துக்கொண்டேன். "தர்ஷி, புது ஸ்கூல்ல எங்க இருந்து வர்றேன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்றேன். "ஹந்தானைத் தோட்டம்னு சொல்லுவேன்" என்றாள். "அப்படிச் சொல்லாத. டவுன்ல, கடைவீதியிலன்னு சொல்லு" என்றேன். வாய் நிறையப் பற்பசை நுரையோடு திரும்பிப் பார்த்தாள். துப்பிவிட்டுக் கேட்டாள், "ஏன் தாத்தா, அங்க நம்ம ஆளு யாரு இருக்கா?" "யாரும் இல்ல. சும்மா சொல்லி வையேன்." "சும்மா எப்படிச் சொல்றது? சொன்னா அதையும் ஞாபகம் வெச்சுக்கணும்ல. ஏற்கனவே பதினோரு பாடம் இருக்கு ஞாபகம் வெச்சுக்க." பீலித் தண்ணீர் அது பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தது. என் வாய்க்குள் உட்கார்ந்திருந்த பழைய பாடத்தை நானே அப்போதுதான் காதால் கேட்டேன். உனக்கும் அதே பீலியில், அதே மாதத்தில், அதே சொல்லைத்தான் நான் சொல்லிக்கொடுத்தேன். நீ "ஏன்" என்று கேட்கவில்லை. "சரிப்பா" என்றாய்.

பிறகு அந்தப் பாடத்தை நான் எடுக்கவில்லை. சுமதிதான் வேலையைக் கையில் எடுத்தாள். (இதை எழுதக் கூச்சப்படுகிறாள். எழுதச் சொல்லியிருக்கிறேன்.) ஒருநாள் மத்தியானம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, ஒரு தாளை எடுத்துக் கொடுத்து, "புது ஸ்கூல நெனச்சா என்னென்ன பயமா இருக்கோ, எல்லாத்தையும் இதுல எழுது, சின்னது பெரிசுன்னு பாக்காத" என்றாள். நானும் ஒரு யோசனை சொன்னேன். நாற்று வளர்க்கிற தவறணையில் தேயிலைக் கன்றுகளுக்கு மேல் போட்ட பந்தலை ஒரே நாளில் பிரிக்க மாட்டோம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெயில் காட்டுவோம், அதுபோலப் பிள்ளைக்கும் என்றேன். "நான் என்ன தேயிலைக் கன்னா? கன்னு எங்கயாச்சும் பஸ்ஸுல போகுமா?" என்றாள் உன் மகள், தலை நிமிராமல் எழுதிக்கொண்டே. சுமதி அந்தத் தாளை எனக்கு வாசித்துக் காட்டினாள். யாராவது அவளைத் தோட்டக்காட்டாள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் முதலில் இருக்கும் என்று நான் நினைத்தேன். அது தாளிலேயே இல்லை. அது என்னுடைய பயம். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பஸ்ஸை விட்டுவிட்டால் என்ன செய்வது? எல்லாரும் என்னை விடக் கெட்டிக்காரர்களாக இருந்தால்? மத்தியானம் யாரோடு சாப்பிடுவது? கடைசியாக ஒன்று: மலர் யாரோடு சாப்பிடுவாள்?

மலர் பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை. ஐந்து வருஷம் இரண்டு பேரும் தோட்டத்து ஸ்கூலில் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்தவர்கள். அவளுக்கு டவுனில் இடம் கிடைக்கவில்லை. தான் போகிற இடத்தைப் பற்றி நாலு பயம், விட்டுவிட்டுப் போகிற சிநேகிதியைப் பற்றி ஒரு பயம், எல்லாம் ஒரே தாளில், ஒரே பென்சிலால். இந்த வயதில் எனக்கு உலகம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் நெஞ்சுக்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று தெரியவில்லை. நீயும் அந்த வயதில் இப்படி ஏதோ ஒரு தாளை உள்ளே வைத்திருந்திருப்பாய். அதை வெளியே எடுக்க நாங்கள் யாரும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் முன் மூன்று சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்கினேன். காலை பஸ்ஸில் போய், வழியில் எத்தனை ஹோல்ட் என்று எண்ணி, ஒரு பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு அடுத்தது எத்தனை நிமிஷத்தில் வருகிறது என்று பார்த்தோம். அந்த யோசனையும் அவளுடையதுதான். மூன்றாவது சனிக்கிழமை கேட் வரைக்கும் போனோம். காவல்காரர் வயதான சிங்களவர். "என்ன மகள்?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். இவள் தனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில், தான் அடுத்த மாதம் இங்கே படிக்க வரப்போவதாகவும், கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று மட்டும் இப்போது தெரிந்தால் போதும் என்றும் சொன்னாள். அந்த மனுஷன் சிரித்த சிரிப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. கேட்டைத் திறந்து, கூடவே போய்க் காட்டிவிட்டு வந்தார். பஸ்ஸில் ஏறியதும் தாளை எடுத்து ஒன்றாவதை அடித்துவிட்டாள். ஆபிஸ் ஆபிஸாக எந்த ஜன்னல் என்று தெரியாமல், கேட்கவும் வாய் வராமல், காலையிலிருந்து மத்தியானம் வரை நின்ற நாட்கள் எனக்கு எத்தனை என்று உனக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள் என்பதை என் பேத்தியிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். சுமதி, நிறுத்தாமல் எழுது.

நீ ஐந்தாம் வகுப்பு பாஸ் பண்ணியபோது எனக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. என்னைச் சொன்ன சொல்லை உன்னை ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது. ஒரு ஆபிஸில், நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது, "தோட்டக்காட்டான், தள்ளி நில்லு" என்று ஒருத்தன் சொன்னான். நான் தள்ளி நின்றேன். அன்று தள்ளி நின்றது எனக்குச் சாகிற வரைக்கும் போதும். அதனால் உன்னைத் தயார்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒரு மாதம் பீலியில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் கடைவீதி, ஹமீது நானா கடைக்கு மேல்மாடி. நாம் கவ்வாத்துக் கத்தியும் கயிறும் வாங்குகிற கடை. நல்ல மனுஷன், விலாசத்தைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். லயம் என்று சொல்லாதே, காம்பரா என்று சொல்லாதே, வீடு என்று சொல். கடைசியாக ஒன்று சொன்னேன். அதைச் சொல்லும்போது உன் முகத்தை நான் பார்க்கவில்லை, உன் கால்களைப் பார்த்தேன். "டவுன்ல என்னைக் கண்டா அப்பான்னு கூப்பிடாத. நான் வேலை உடுப்போட இருப்பேன்." நீ "சரிப்பா" என்றாய்.

முதல் தவணையில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். நான் ஹமீது நானாவிடம் போய் நின்றேன். "நானா, சேக்குறதுக்குப் போன மாதிரி இன்னும் ஒருக்காப் போய்ட்டு வாங்க. மாமான்னு சொல்லுங்க. வெள்ளைச் சட்டையோட ஒருத்தர் வந்தா புள்ளைக்கு ஒரு மதிப்பு" என்றேன். அவர் கயிறு சுற்றிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "இது சரிவராது தம்பி. புள்ளைக்கு வாப்பா நீ. உசிரோட வாப்பா இருக்க, நான் போய் என்னத்தச் சொல்றது?" என்றார். நான் விடவில்லை. கடைசியில் எனக்காகப் போனார். நான் எதிர்ப்பக்கம் பஸ் ஹோல்ட்டில், குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே வந்தீர்கள். உன்னோடு நாலு பையன்கள். நீ ரோட்டைத் தாண்டி என்னைப் பார்த்தாய். லைட்டுக் கம்பத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். தம்பி, நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது இதுதான். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் மகன் எவ்வளவு கெட்டிக்காரன், சொன்னதை ஒழுங்காகச் செய்துவிட்டான் என்று நினைத்தேன். உனக்காக இரண்டு சீனிப் பணிஸ் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். ஹமீது நானா பணிஸைப் பார்த்துவிட்டு, "புள்ளைட கையப் புடிச்சேன், பச்சத்தண்ணி மாதிரிக் கெடந்திச்சு. இனி இந்த வேலைக்கு என்னக் கூப்புடாத" என்றார். அவருக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை.

நீ ஒரு நாளும் அழவில்லை. காலையில் எழும்புவாய், குளிப்பாய், தலை வாருவாய், போவாய். லயத்தில் எல்லாரிடமும் பெருமை அடித்தேன்: மற்றப் பிள்ளைகள் கத்திக் கூப்பாடு போடுதுகள், என் மகன் மூச்சு விட மாட்டான். இரண்டாம் தவணை முடிவில் ஒருநாள் வந்து பையை மூலையில் வைத்துவிட்டு, "படிப்பு ஏறல்லப்பா" என்றாய். நான் நம்பிவிட்டேன். அவனுக்குக் கணக்கு வரவில்லை என்று முப்பது வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நீயோ, எத்தனை மீற்றர் துணியில் எத்தனை பாவாடை வரும் என்று கத்தரிக்கோலை எடுக்கும் முன் வாயால் சொல்கிறவன். அதையும் நான் உன் கடைக்கு வந்து என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தும் யோசிக்கவில்லை. சுமதி பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னதே இல்ல மாமா" என்கிறாள். எனக்குந்தான் சொல்லவில்லை என்றேன். முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்ப எழுதுகிறாள்.

தர்ஷி அழுதாள். பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் அழுதாள். தலை பின்னும்போது ஆரம்பிக்கும். அழுதுகொண்டே ரிப்பன் கட்டுவாள், அழுதுகொண்டே ரொட்டியைத் தின்பாள், அழுதுகொண்டே சப்பாத்துக்கு நாடா போடுவாள். "போக மாட்டேன்" என்று ஒரு தடவை சொன்னதில்லை. "அழுதாப் பரவாயில்லல்ல அம்மா?" என்று மட்டும் ஒருநாள் கேட்டாள். "அழுதுக்கிட்டே நடக்கலாம், காலுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்ல" என்றாள் சுமதி. படியிறங்கி பஸ் ரோட்டுக்கு வரும்போது விசும்பல் குறையும். பஸ் ஏறியதும் ஜன்னலோரம் பிடித்து, எனக்குக் கை காட்டுவாள். சாயந்திரம் வந்தால் வாய் மூடாது. பதினோரு பாடத்துக்கு எட்டு டீச்சர், ஒருத்தர் மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடுவார், வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், முதல் வாரமே அத்தனை பேரின் பேரும் மனப்பாடம். யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்டால் போதும், ஒரு மணி நேரம் ஓடும்.

மூன்றாம் வாரம் எங்களையும் கூப்பிட்டார்கள். சுமதி மலையில் சறுக்கிக் கால் பிசகிக் கிடந்தாள். "தாத்தா வரட்டும்" என்றாள் தர்ஷி. கட்டாயம் போக வேண்டியதாகிவிட்டது. ஹமீது நானா மௌத்தாகி எட்டு வருஷம் ஆகிறது. அவர் மகன்தான் இப்போது கடையில். பஸ்ஸால் இறங்கியதும் என் கால் தன்பாட்டுக்கு அந்தக் கடைப் பக்கம் திரும்பியது. இவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, ஸ்கூல் இந்தப் பக்கம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேட்டுக்குள் போனேன். உன்னைச் சேர்த்தபோதுகூட உள்ளே போனது ஹமீது நானாதான். தம்பி, நீ அதற்குள் இரண்டு தவணை இருந்தவன், உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் போன நேரம் மணி அடித்தது. ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் இருக்கும், ஒரே நேரத்தில் எழும்பி, படியில் மேலே பாதி, கீழே பாதி, ஒன்றோடு ஒன்று முட்டாமல் போய், அடுத்த நிமிஷம் முற்றத்தில் ஒரு ஆள் இல்லை. நான் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். பெரட்டுக்களத்தில் நூறு பேரை மலைக்கு அனுப்பக் கங்காணி போடும் சத்தம் எனக்குத் தெரியும். இங்கே ஒருத்தரும் சத்தம் போடவில்லை. இத்தனை பெரிய இடத்தில், இத்தனை பேருக்குள், நாற்பது பிள்ளைகள் படிக்கிற ஒரு கொழுந்து மடுவத்து ஸ்கூலிலிருந்து வந்த நம் பிள்ளை தன் வாங்கு எது என்று தெரிந்துகொண்டு போய் உட்காருகிறாள். நான் பார்த்த அதிசயங்களில் இது ஒன்று.

வகுப்பு டீச்சர் சின்ன வயது. அப்பா கொழும்பில், அம்மா வேலையில், அதனால் பொறுப்பாளர் யார் என்று கேட்டு, ஒரு தாளை என் முன்னால் வைத்துப் பேனையைக் கொடுத்தார். சுற்றி முப்பது பேர், தாய் தகப்பன்மார், எல்லாரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேனை என் கையில் இருக்கிறது. தர்ஷி பேனையை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்கிற மாதிரி, "டீச்சர், தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. பெருவிரல் வெக்கலாந்தானே?" என்றாள். பக்கத்து வாங்குப் பிள்ளை ஒன்று களுக்கென்று சிரித்தது. இவள் திரும்பினாள். "என்னா சிரிக்கிற? ஒங்க தாத்தாவுக்குக் கவ்வாத்து வெட்டத் தெரியுமா?" அந்தப் பிள்ளை யோசித்துவிட்டு, "தெரியாது" என்றது. "தெரியாதுல்ல?" என்று சொல்லிவிட்டு, அதோடு விட்டுவிட்டாள். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆபிஸிலிருந்து மைப்பெட்டி எடுத்துவர ஆள் அனுப்பினார். அது வரும் வரைக்கும் முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தர்ஷியைப் பார்த்தேன். விரல் வைத்து முடிந்ததும் தன் கைலேஞ்சியால் என் விரலைத் துடைத்துவிட்டாள், நகக்கண் வரைக்கும். அப்போதுதான், தம்பி, எதிர்ப்பக்கத்து ஹோல்ட்டில் நின்ற என்னை நீ பார்த்த பார்வை முப்பது வருஷம் கழித்து என்னிடம் வந்து சேர்ந்தது. உனக்கு வராதது கணக்கு இல்லை.

மறுநாள் காலை அவள் திரும்பவும் அழுதாள். எனக்கு ஆச்சரியம். "நேத்து முப்பது பேருக்கு முன்னால அப்படிப் பேசின. இன்னிக்கு ஏம்மா அழுவுற?" என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எனக்குத்தான் விஷயம் தெரியவில்லை என்கிற மாதிரிச் சொன்னாள்: "அது வேற, இது வேற தாத்தா. பயமா இருக்கு, அவ்ளோதான். பஸ் ஏறினாக் கொறஞ்சிரும்." பயத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, அது எவ்வளவு, எங்கே குறையும் என்று சொல்ல இந்த வயதில் எனக்குத் தெரியாது. அழுகை என்றால் முடியாது என்று அர்த்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் நினைக்கிறாய். அவள் அழுதுவிட்டுப் போகிறாள். நீ அழாமல் போய், ஒருநாள் போகாமலே விட்டுவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தாய். பிள்ளை தினமும் அழுகிறாள் என்று சுமதி சொன்னாள். நீ அவளிடமே பேசினாய்: "பாப்பா, அழுது அழுது எதுக்குப் போகணும்? வேணாம்னா விட்டுரு. அப்பா வந்து மாத்தி விடுறேன்." நீ அதை என்ன மனதோடு சொன்னாய் என்று எனக்குத் தெரியும். உன் பிள்ளை நீ பட்டதைப் படக் கூடாது. நான் உன்னைப் பீலிக்குக் கூட்டிப்போனதும் அதே மனதோடுதான். அவள் "சரிப்பா" என்றாள். போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, அழுதா ஸ்கூல மாத்திருவாங்களா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் அழவில்லை. தலை பின்னினாள், ரொட்டி தின்றாள், சப்பாத்துப் போட்டாள். பஸ்ஸில் ஏறினாள், கை காட்டவில்லை. சாயந்திரம் யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்டேன். "எல்லாரோடயும்" என்றாள். அவ்வளவுதான். அந்தக் குரலை எனக்குத் தெரியும் தம்பி. அந்த முகத்தையும் தெரியும். இரண்டு தவணை என் முன்னால் இருந்து சோறு தின்ற முகம்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளோடு பேசு. தைரியம் சொல்லாதே, அது அவளிடம் நம்மை விட அதிகம் இருக்கிறது. ஒன்றும் நடக்காது என்றும் சொல்லாதே, நடக்கும், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அழுதாயா என்று கேட்காதே. அழலாம், அழுதால் யாரும் எதையும் மாற்றப் போவதில்லை என்று மட்டும் சொல். உன் பழைய கதையை அவளுக்குச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், அது உன்னுடையது. நான் அவளிடம் வாய் திறக்கவில்லை. போயாவுக்கு வா. மறுநாள் காலை அவளோடு படியிறங்கி, பஸ்ஸில் ஏறி, பள்ளிக்கூடம் வரைக்கும் போ. அவள் அழுதால் பக்கத்தில் சும்மா உட்கார்.

ஆனால் ஆபிஸுக்குப் போய் விடுகைப் பத்திரம் கேட்டால் கிடைக்காது. நான் விரல் வைத்தது பொறுப்பாளர் தாள். அதை அன்றைக்கே ஆபிஸில் இருந்த அம்மா என்னிடம் விளக்கிச் சொன்னார், "இனி இந்தப் புள்ளைட விஷயம் எதுன்னாலும் நீங்க வந்துதான் ஒப்பம் வெக்கணும் ஐயா" என்று. நான் வைக்க மாட்டேன். உன்னோடு சண்டைக்கு நிற்கிறேன் என்று நினைக்காதே. பிள்ளை, அழுகைக்குப் பயந்து இல்லாமல், நன்றாக யோசித்து, எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று தன் வாயால் சொன்னால், அன்றைக்கே நான் முதல் பஸ்ஸில் இறங்கி வந்து விரலை வைத்துவிடுகிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவளிடம் நீ கேள். அவள் சொல்வதற்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் இருந்து கேள். நீ பையை மூலையில் வைத்த அன்று உன் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அப்பா